அரையாண்டு லீவுக்குள் ஒட்டுத்துணிப் போர்வையை முடிப்பது எப்படி?

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் நான்கு வருடமாக இரண்டு ஒட்டுத்துணிப் போர்வைகள் கிடந்தன. இப்போது எல்லோரும் குயில்ட் என்கிறார்களே, அதுதான். இரண்டிலும் மேல்துணி தயார். பழைய சேலை, பாவாடை, சட்டைத் துண்டுகளை வெட்டிக் கட்டம் கட்டமாக இணைத்து வைத்திருந்தேன். அடித்துணியும் நடுத்துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்து, ஓரம் கட்டி, துவைத்து எடுக்கும் வேலைதான் பாக்கி. அந்தப் பாக்கி வேலையில்தான் முக்கால்வாசிப் பேர் நின்றுவிடுகிறோம். முதல் போர்வையை முடிக்க எனக்கு மூன்று அரையாண்டு லீவு போயிற்று. இரண்டாவது ஒரே லீவில் முடிந்தது. முதல் போர்வையில் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கீழே உள்ள அளவெல்லாம் 60 இஞ்ச் அகலம், 90 இஞ்ச் நீளமுள்ள ஒற்றைக் கட்டில் போர்வைக்கு. மேல்துணி இணைத்து முடிந்தவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. துண்டு வெட்டவே இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் அதை இந்த லீவில் முடித்துக்கொள்ளுங்கள், மீதியை அடுத்த வருடம் பார்க்கலாம்.

1. முதலில் நாள்கணக்கு

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடுவது டிசம்பர் 23, 24 வாக்கில். கையில் கிடைப்பது ஒன்பது பத்து நாள். ஜனவரி பிறந்தால் பொங்கல் நோம்பி வேலை தொடங்கிவிடும். வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டால் விரித்த போர்வை மேல் சுண்ணாம்புத் தூசு படியாமல் காப்பாற்ற முடியாது. ஆகவே உங்கள் கெடு பொங்கல் அல்ல, வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாள்தான்.

எனக்கு ஆன நேரத்தைச் சொல்கிறேன். விரித்து நூலோட்டம் (மூன்றடுக்கும் நகராமல் இருக்கப் போட்டு, பிறகு பிரித்துவிடும் தையல்) போட, இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம். கையால் தையல் ஓட்ட 12, 13 மணி நேரம். ஓரப்பட்டி வெட்டி மெஷினில் ஏற்ற இரண்டு மணி நேரம். பட்டியைப் பின்பக்கம் மடித்துக் கையால் எம்மிங் செய்ய ஐந்தாறு மணி நேரம். துவைத்துக் காய ஒன்றரை நாள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் பத்து நாளில் முடிந்துவிடும். ஆனால் துணி வாங்குவது, துவைப்பது, சுருக்கம் எடுப்பது எல்லாம் இந்தப் பத்து நாளுக்குள் வரக் கூடாது. அவை டிசம்பர் முதல் பாதியிலேயே முடிந்திருக்க வேண்டும். முதல் வருடம் நான் சறுக்கிய இடம் இதுதான். லீவு விட்ட பிறகு அடித்துணி தேடக் கிளம்பினேன், நான்கு நாள் அதிலேயே போயிற்று.

இன்னொன்று: உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் தேதியைப் பார்த்து வையுங்கள். அன்று காலையிலிருந்து சாயந்தரம் வரை அயர்ன் பாக்ஸும் மோட்டார் மெஷினும் ஓடாது. கைத்தையலுக்கு அந்த நாளை வைத்துக்கொள்ளலாம்.

2. பெட்டியில் கிடந்த மேல்துணியைச் சோதியுங்கள்

முதல் வேலை, குத்திவைத்த ஊக்கு, குண்டூசி எல்லாவற்றையும் எடுப்பது. நான் எடுக்காமல் விட்ட பதினேழு ஊக்கும் துருப்பிடித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் மிளகளவு பழுப்புக் கறை இருந்தது. துவைத்தும் போகவில்லை. அந்த இடங்களில் சின்னச் சின்னப் பூ வைத்துத் தைத்து மறைக்க வேண்டியதாயிற்று.

அடுத்து அளவு. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள், நீளத்தையும் அப்படியே. அரை இஞ்ச் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். ஒரு இஞ்சுக்கு மேல் போனால் ஓரக் கட்டத்தைப் பிரித்துச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் ஓரம் அலையலையாக நிற்கும்.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பனியன் கம்பெனி வெட்டுத்துண்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று காட்டன் துண்டுகளோடு கலந்து இணைத்திருப்போம். பனியன் துணி பின்னல் துணி, அது இழுபடும். நெய்த துணி இழுபடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் துவைத்தபின் பனியன் கட்டம் மட்டும் தொளதொளவென்று தொங்கும். இணைக்கும்போதே பனியன் துண்டின் பின்பக்கம் சூட்டில் ஒட்டும் கேன்வாஸ் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. வைக்காமல் இணைத்துவிட்டீர்கள் என்றால், அந்தக் கட்டங்களில் மட்டும் தையலை நெருக்கமாக ஓட்டுங்கள்.

கடைசியாகச் சாயம். ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, சிவப்பு, மெரூன், கருநீலத் துண்டுகளின் மேல் வைத்துச் சூடான அயர்ன் பாக்ஸால் அழுத்துங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் சாயம் விடுகிறது என்று அர்த்தம். உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நம்ப வேண்டாம், கடையில் வாங்கும் துணிக்கு அது உதவாது. மேல்துணி முழுவதையும் நிறையத் தண்ணீரில் அலசி, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஈரத்தோடு சுருட்டி ஒரு நிமிடம்கூடப் போட்டுவைக்காதீர்கள், உடனே விரித்து நிழலில் காயவையுங்கள். நான்கு தண்ணீர் மாற்றியும் நிறம் வந்தால் அந்தத் துண்டைப் பிரித்து எடுத்துவிட்டு வேறு துண்டு வைப்பதுதான் நல்லது. ஒரு துண்டுக்காக முழுப் போர்வையையும் பணயம் வைக்கக் கூடாது.

3. அடித்துணி வாங்குவது

அடித்துணி மேல்துணியைவிடச் சுற்றிலும் 3 இஞ்ச் பெரிதாக இருக்க வேண்டும். அதாவது 66க்கு 96. சாதாரணக் காட்டன் துணி 36 அல்லது 44 இஞ்ச் அகலத்தில்தான் வரும் என்பதால் மீட்டர் கணக்கில் வாங்கினால் நடுவில் இணைக்க வேண்டும். 44 இஞ்ச் அகலத்தில் 5 மீட்டர் போகும், நடுவில் ஒரு தடித்த தையலும் வரும். அந்தத் தையல் மேல் கைஊசி ஏறாது.

எனக்குச் சரிப்பட்டது சென்னிமலைப் போர்வை. 90க்கு 100 அளவில் இரட்டைப் போர்வை வாங்கினேன், 650 ரூபாய். இணைப்பே வேண்டாம், நெசவும் ஊசிக்கு இடம் கொடுக்கும். ஆனால் துவைத்ததும் 100 இஞ்ச் 96 ஆயிற்று. சரியாக அளவுக்கு வந்து நின்றது. துவைக்காமல் தைத்திருந்தால் முதல் சலவையில் அடித்துணி சுருங்கி மேல்துணியைக் கொசுவிக்கொண்டு இழுத்திருக்கும். எந்தத் துணி வாங்கினாலும் நூற்றுக்கு நான்கைந்து இஞ்ச் சுருங்கும் என்று கணக்கு வைத்து, துவைத்த பிறகே வெட்டுங்கள். மிக நெருக்கமான நெசவுள்ள படுக்கை விரிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். தொட்டால் வழவழப்பாக நன்றாக இருக்கும், ஊசியைத் தள்ளித் தள்ளி விரல் புண்ணாகிவிடும்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போவதாக இருந்தால் திங்கள் இரவு தொடங்கி செவ்வாய்க்கிழமைதான் சந்தை. டிசம்பர் கடைசியில் பொங்கல் வியாபாரிகள் கூட்டம் அள்ளும், சில்லறையாக ஒன்றிரண்டு கேட்பவர்களுக்கு நின்று காட்டக்கூட ஆளிருக்காது. டிசம்பர் முதல் இரண்டு வாரத்தில் போய்விடுங்கள். பில் வாங்கி நோட்டுக்குள் ஒட்டி வையுங்கள். அதே பில்லின் பக்கத்தில் துணியின் ஓரத்திலிருந்து ஒரு விரல்கடைத் துண்டு வெட்டி ஒட்டி, துவைப்பதற்கு முன் அளவு, துவைத்த பின் அளவு இரண்டையும் எழுதுங்கள். அடுத்த போர்வைக்கு என்ன வாங்குவது என்று இந்த ஒரு பக்கமே சொல்லிவிடும். மாற்றித் தரக் கேட்டாலும் பில் வேண்டும்.

4. நடுவில் என்ன வைப்பது

கோவை, ஈரோடு, கரூர்ப் பக்கம் மார்கழி இரவில்கூடப் பெரும்பாலும் 18, 20 டிகிரிதான். கனமான பஞ்சு வைத்தால் நடுராத்திரியில் போர்வையை உதறித் தள்ளத்தான் போகிறோம். இரண்டு பழைய காட்டன் சேலை போதும். ஐந்தரை மீட்டர் சேலையைக் குறுக்கே பாதியாக வெட்டி, இரண்டு பாதியையும் நீளவாக்கில் சேர்த்தால் ஒரு அடுக்குக்கு மேலேயே வரும். நான் வைத்தது அம்மாயியின் (அம்மாவின் அம்மா) இரண்டு நெகமம் சேலைகள், நைந்து பஞ்சாகி இருந்தன. வெளிர் நிறமாகப் பாருங்கள், அடர்நிறம் மேலே நிழலாடும். செலவு இல்லை.

ஏற்காடு, வால்பாறை போன்ற மலைப்பக்கம் இருப்பவர்களுக்கும் வடக்கே அனுப்புபவர்களுக்கும் தாள் வடிவில் வரும் பாலியஸ்டர் பஞ்சு வேண்டும். கடையில் பேடிங் ஷீட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் எடை) போதும். நான் 60 இஞ்ச் அகலத்தில் வாங்கியது மீட்டர் 110 ரூபாய். அகலம் ஓரத்தில் போதாது என்பதால் ஒரு கீற்றை முட்டவைத்துக் கையால் பின்னிச் சேர்த்தேன், ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவிடாதீர்கள். இந்தப் பஞ்சை உள்ளே வைத்தபின் சூடான அயர்ன் பாக்ஸ் படவே கூடாது. அமுங்கி, சுருண்டு போய்விடும்.

இலவம் பஞ்சு வேண்டவே வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள், "மெத்தைக்கு வைக்கிறோம், இதுக்கு வெச்சா என்னங்கம்மிணி?" என்று. இலவம் பஞ்சு இழை வழுக்கும், ஒன்றோடொன்று பிடிக்காது. தையல் கட்டத்துக்குள் ஓரத்துக்கு ஓடிவிடும், நெசவு வழியே வெளியேயும் வரும். துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும். தலையணைக்கும் மெத்தைக்கும் அது சரி, துவைக்கிற போர்வைக்கு ஆகாது.

5. விரித்து நூலோட்டம் போடுவது

ஆசாரமோ ஹாலோ, கட்டில் நாற்காலி இல்லாத வெறுந்தரை வேண்டும். தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, அடித்துணியைக் கெட்டப்பக்கம் மேலே தெரிய விரியுங்கள். நான்கு மூலை, நான்கு ஓரத்தின் நடு என்று எட்டு இடத்தில் பேக்கிங் டேப் ஒட்டித் தரையோடு பிடித்துக்கொள்ளுங்கள். சுருக்கம் இருக்கக் கூடாது, அதற்காக உடுக்கை மாதிரி இழுத்தும் கட்டக் கூடாது. இழுத்துக் கட்டினால் டேப்பை எடுத்ததும் துணி தன் அளவுக்குத் திரும்பி, மேல்துணி புடைத்துக்கொள்ளும்.

அதன் மேல் நடுத்துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிவிடுங்கள். அதன் மேல் மேல்துணி, நல்லபக்கம் மேலே.

இப்போது நூலோட்டம். ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒரு வரிசை, இரண்டு இஞ்ச் நீளத் தையல், கண்ணில் பளிச்சென்று படும் வேறு நிற நூல். பிறகு பிரிக்கப் போகிறோம் என்பதால் அழகு பார்க்க வேண்டாம். ஊக்கு குத்துவது சீக்கிரம் முடியும் என்பார்கள். எனக்கு அந்தத் துருக்கறைக்குப் பிறகு ஊக்கில் நம்பிக்கை போய்விட்டது, நூல்தான்.

தரை சில்லென்று இருக்கிறது என்று பவானி ஜமக்காளத்தை அடியில் விரித்து அதன் மேல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். முதல் போர்வையில் நான் அப்படித்தான் செய்தேன். மூன்று மணி நேரம் கழித்துத் தூக்கினால் ஜமக்காளமும் சேர்ந்து வந்தது, ஆறு வரிசை அதையும் பிடித்துத் தைத்திருந்தேன். ஜமக்காளத்தை மடித்து முழங்காலுக்குக் கீழே மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

6. தையல் ஓட்டுவது

வரிசைக்கு வரிசை 3 இஞ்ச் இடைவெளி, நீளவாக்கில் ஓட்டினால் மொத்தம் 19 வரிசை. ஒரு வரிசைக்கு எனக்கு 40 நிமிடம் ஆயிற்று. கோடு போட மார்க்கர் பேனா வேண்டாம். தேய்ந்துபோன துணி சோப்புச் சில்லைக் காயவைத்துக் கோடு கிழியுங்கள், அடர்நிறத் துணியில் நன்றாகத் தெரியும், துவைத்ததும் போய்விடும். வெளிர் துணிக்குத் தையல்காரர் சாக் போதும்.

நூலுக்கு, எம்பிராய்டரிக் கடையில் பெர்ல் காட்டன் 8ஆம் நம்பர் உருண்டை கேளுங்கள். 85 மீட்டர் இருக்கும், ஒரு போர்வைக்கு ஒன்று போதும், நூறு ரூபாய்க்குள் வாங்கினேன். ஊசியில் நம்பர் குறையக் குறையத் தடிமன் கூடும். இந்த நூல் நுழையும் அளவுக்குக் கண் பெரிதாக உள்ளதைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். நடுவிரலுக்கு அங்குஸ்தான் (ஊசியைத் தள்ள விரல் நுனியில் மாட்டும் உறை) கட்டாயம். முதல் நாள் இடைஞ்சலாக இருக்கும், இரண்டாம் நாள் அது இல்லாமல் தைக்க மாட்டீர்கள்.

நூலை ஒன்றரை முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நீளமாகக் கோத்தால் அடிக்கடி கோக்க வேண்டாமே என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் துணியில் உரசி, பாதி வரிசைக்குள் பிசிறடித்து முடிச்சு விழும்.

முடிச்சை மறைக்கும் முறையை என் சின்ன மாமியார்தான் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். நூல் நுனியில் ஒரே ஒரு சின்ன முடிச்சு. தையல் தொடங்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு இஞ்ச் தள்ளி ஊசியை மேல்துணியில் இறக்குங்கள், அடித்துணி வரை போகாமல் நடுத்துணிக்குள்ளேயே ஓட்டி, தொடங்கும் இடத்தில் மேலே எடுங்கள். முடிச்சு வெளியில் துணிமேல் நிற்கும். நூலை இடது கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி மெதுவாகச் சுண்டினால், டப்பென்று ஒரு சின்னச் சத்தத்தோடு முடிச்சு உள்ளே போய் நடுத்துணியில் மாட்டிக்கொள்ளும். துளையை நகத்தால் ஒரு தடவை நீவிவிட்டால் எங்கே போயிற்று என்றே தெரியாது. "வெடுக்குனு இழுக்காதே கண்ணு, அந்தப் பக்கம் வந்துரும்" என்றார். முதல் நாலைந்து எனக்கு அந்தப் பக்கம்தான் வந்தன. சத்தம் காதில் விழுந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும், அந்த அளவு பிடிபட ஒரு சாயந்தரம் ஆகும்.

இந்த வேலையிலேயே முக்கியமான ஒன்று: நடு வரிசையில் தொடங்கி, வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்று என்று ஓரத்துக்குப் போங்கள். ஓரத்தில் தொடங்கினால் மிச்சத் துணியெல்லாம் தள்ளிக்கொண்டே போய் நடுவில் புடைப்பாக நிற்கும். அப்படி நின்றதைச் சரிசெய்ய ஐந்து வரிசை, அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேலான வேலையைப் பிரித்திருக்கிறேன்.

மெஷினில் ஓட்டுவதாக இருந்தால் மூன்றடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதம் தேவை, உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா என்று மாடல் நம்பரைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். தையலைப் பெரிதாக வையுங்கள்.

7. கடையில் கொடுத்துத் தைப்பதானால் சீட்டு வாங்காமல் கொடுக்காதீர்கள்

சில ஊர்களில் இந்தத் தையலை மட்டும் மெஷினில் அடித்துத் தருகிறார்கள். என்னிடம் சதுர அடிக்கு 25 ரூபாய் என்றார்கள். 60க்கு 90 என்பது 37½ சதுர அடி, 940 ரூபாய் வரும். ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்ன இடத்தில் 23 நாள் ஆயிற்று. வந்தபோது கீழ் ஓரத்தில் ஒரு வரிசைக் கட்டம் அரை இஞ்ச் வெட்டுப்பட்டிருந்தது. கொடுத்தபோது என்ன அளவு என்பதற்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை, அதனால் பேச்சோடு போயிற்று.

கொடுக்கும் முன் துணியை விரித்து, மேலே இஞ்ச் டேப் வைத்து இரண்டு போட்டோ எடுங்கள். சீட்டில் நீளம், அகலம், தையல் இடைவெளி, நூல் நிறம், சதுர அடிக் கூலி, தரும் தேதி, "ஓரம் வெட்டக் கூடாது" என்ற வரி, முன்பணம் எல்லாம் எழுதி வாங்குங்கள். பாதிக்கு மேல் முன்பணம் வேண்டாம். கடைக்குக் கொடுப்பதானால் அடித்துணியைச் சுற்றிலும் 4 இஞ்ச் விட்டுக் கொடுங்கள், மெஷின் பிடிக்க இடம் வேண்டும். பொங்கலுக்கு முன் துணிவேலை செய்பவர்கள் எல்லோருக்கும் கை நிறைய வேலை இருக்கும், ஆகவே கொடுப்பதென்றால் நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.

8. ஓரப்பட்டி

சுற்றளவு 300 இஞ்ச். மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 312 இஞ்ச் பட்டி வேண்டும். துவைத்தபின் 42 இஞ்ச் அகலம் நிற்கும் பாப்ளின் துணியில் இரண்டரை இஞ்ச் அகலத்தில் எட்டுப் பட்டி வெட்டினால் சரியாக வரும். 60 சென்டிமீட்டர் வாங்குங்கள், எனக்கு 75 ரூபாய் ஆயிற்று. நேரான ஓரத்துக்கு கிராஸ் வெட்டு (துணியை மூலைவாட்டாக வெட்டுவது) தேவையில்லை. பட்டிகளை ஒன்றோடொன்று சாய்வாக இணையுங்கள். நேராக இணைத்தால் அந்த இடம் கல் மாதிரி தடித்துவிடும்.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் செய்து, போர்வையின் மேல்பக்கம் வெட்டோரமும் வெட்டோரமும் ஒட்ட வைத்து, கால் இஞ்ச் விட்டு மெஷினில் ஓட்டுங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் இருக்கும்போது நிறுத்தி நூலை வெட்டுங்கள். பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, அப்படியே கீழ்நோக்கித் திருப்பி அடுத்த ஓரத்தோடு சேர்த்து மறுபடி தொடங்குங்கள். உள்ளே ஒரு முக்கோண மடிப்பு விழுந்திருக்கும். பின்பக்கம் திருப்பும்போது அதுவே கூர்மையான மூலையாக வந்து நிற்கும். முதலில் ஒரு கந்தைத் துணியில் பழகிப் பாருங்கள். பிறகு பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், இந்த வேலையில் அவசரமே வேண்டாம். ஊசி அடித்துணியை மட்டும் எடுக்கட்டும், மேலே வரக் கூடாது.

நூலோட்டத்தை எம்மிங் முடிந்த பிறகே பிரியுங்கள்.

9. மார்கழிப் பனியில் காயவைப்பது

காலை எட்டு மணிக்குள் துவைத்து முடித்திருக்க வேண்டும். ஒற்றைப் போர்வை 7 கிலோ மெஷினில் போகும், குளிர்ந்த தண்ணீர், குறைந்த சோப்பு. ஈரப் போர்வை நல்ல கனம் இருக்கும். இரண்டு மூலையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் தையல் அறுந்துவிடும். இரண்டு கொடிக்கு நடுவே பாலம் மாதிரி படரவிடுங்கள், அல்லது மாடியில் சுத்தமான பாய் மேல் விரியுங்கள். மதியம் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். பொழுது சாய்வதற்கு முன், நான்கு மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிடுங்கள். பனி இறங்கிவிட்டால் காய்ந்ததும் மறுபடி ஈரமாகும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் நடுத்துணியில் ஈரம் நிற்கும். மடித்த போர்வையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் காயவில்லை. அடுத்த நாளும் வெய்யிலில் போடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் பூஞ்சைப் புள்ளி விழும், அது போகவே போகாது.

10. வெளியூருக்கு அனுப்புவதானால்

பார்சலுக்கு எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள், பெட்டியின் பருமனையும் கணக்கில் எடுப்பார்கள். பேடிங் வைத்த போர்வை எடை குறைவு, இடம் அதிகம். இறுக்கி உருட்டி, நாடாவால் கட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றிய பின் துணியில் தைத்து அனுப்புங்கள், செலவு நன்றாகவே குறையும். வெளிநாட்டுக்கு என்றால் சுங்கப் படிவத்தில் என்ன பொருள், எத்தனை எண்ணம், எடை, மதிப்பு எல்லாம் எழுத வேண்டும். "கையால் தைத்த காட்டன் போர்வை, 1, அன்பளிப்பு" என்று தெளிவாக எழுதுங்கள். அனுப்புபவரின் அடையாள அட்டை நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு எழுத, நோட்டில் ஒட்டி வைத்த பில்கள் உதவும். என் இரண்டாவது போர்வையில் அடித்துணி, பட்டி, நூல், ஊசி, டேப் எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள்தான் முடிந்தது.

மடிப்பதற்கு முன் அடித்துணியின் ஒரு மூலையில், அதே பெர்ல் நூலால் வருடத்தையும் யாருக்கு என்பதையும் தைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.